தேடலும் கிடைத்தலும்

(நம் சங்கத்தின் பொங்கல் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சென்ற மாதம் செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, இவ்வாண்டு விழாவில் தாங்கள் அரைமணி நேரம் பேச வேண்டும், சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசலாமே" என்றார்கள். சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் இக்காலனியிலேயே பலர் இருக்கின்றனர். நானோ முப்பத்தாறு ஆண்டுகள் தில்லியில் தணிக்கைத் துறையில் அமர்ந்து, பிறர் எழுதிய கணக்கில் பிழை தேடியே தலை நரைத்தவன். தேடுவது ஒன்றே நான் அறிந்த தொழில். ஆகவே, "தேடுதலைப் பற்றியே பேசுகின்றேன், அதுவும் இணையத்தில் தேடுதலைப் பற்றி" என்றேன். செயலாளர் சற்றுத் தயங்கினார். தமிழ்ச் சங்க மேடையில் கணினியைப் பற்றிய பேச்சா என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். இறுதியில் இசைந்தார். அவருக்கு என் நன்றி.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகின்றேன். அதைச் சொல்லாமல் மேலே பேசினால் என் பேச்சுக்கு மதிப்பிராது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே தை மாதக் குளிரில், கும்பகோணத்திலிருந்து என் தமக்கையார் எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். வறுத்து அரைத்த காப்பித்தூள், வடகம், நார்த்தங்காய் ஊறுகாய். பத்து நாளாகியும் பொட்டலம் வந்து சேரவில்லை. கூரியர் நிறுவனத்தை விசாரிக்கலாம் என்று எண்ணி, கூகுள் தேடுபொறியில் அந்நிறுவனத்தின் பெயரையும், "கஸ்டமர் கேர் நம்பர்" என்னும் மூன்று சொற்களையும் இட்டேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் இனிய இந்தியில், மிகுந்த மரியாதையுடன், "முகவரி சரிபார்க்க இரண்டு ரூபாய் கட்டினால் போதும், நாளைக் காலை பொட்டலம் வந்துவிடும்" என்றார். ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். என் கைப்பேசித் திரையில் நிகழ்வது அனைத்தையும் அவர் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்கு வழி செய்யும் செயலி அது என்பதை நான் அப்போது அறியேன். இரண்டு ரூபாயைக் கட்டினேன். கால் மணி நேரத்தில் என் கணக்கிலிருந்து 64,000 ரூபாய் போய்விட்டது.

ஒவ்வொரு வவுச்சரையும் மும்முறை புரட்டிப் பார்த்த தணிக்கையாளனுக்கு நேர்ந்த கதி இது! மூன்று நாள் என் துணைவியாரிடம்கூட வாய் திறக்கவில்லை. வெட்கம். நான்காம் நாள் பொட்டலம் தானாகவே வந்து சேர்ந்தது. கூரியர் நிறுவனத்தின்மேல் யாதொரு பிழையும் இல்லை. அந்த எண் அவர்களுடையதே அன்று. அந்தக் காப்பியை என்னால் அருந்த இயலவில்லை என்று சொன்னால் நாடக வசனம் போல் இருக்கும். அருந்தினேன், ஆனால் சுவையை உணர்ந்ததாக நினைவில்லை.

இணையவழிப் பண மோசடிகளை அறிவிப்பதற்கென்றே நடுவணரசு 1930 என்னும் உதவி எண்ணை வைத்திருக்கின்றது. நிகழ்ந்த உடனே அதனை அழைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்கு முன் அதனை முடக்கி வைக்க ஓரளவு வாய்ப்புண்டு. நான் வெட்கத்தினால் மூன்று நாளைக் கழித்துவிட்டு அழைத்தேன். அதற்குள் அப்பணம் பல கைகள் மாறிச் சென்றுவிட்டது. தாய்மார்களே, பெரியோர்களே, இன்று நான் சொல்லும் அனைத்தையும் மறந்துவிட்டாலும் குற்றமில்லை. அந்த நான்கு இலக்கங்களை மட்டும் வீட்டு நாட்காட்டியின் மேல் எழுதி வையுங்கள். வெட்கப்படுவதற்குப் பின்னர் நேரம் நிறைய இருக்கின்றது.

நான் நிகழ்ந்ததைச் சொன்னபோது, கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, முதலில் வந்ததுதான் சரியானது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானே அவ்வாறு எண்ணிக்கொண்டேன். நூலகத்தில் நூலகரிடம் கேட்டால் நல்ல நூலை எடுத்துத் தருவார். அதுபோல் இந்தப் பொறியும் நல்லதை முதலில் எடுத்துத் தரும் என்று நம்பினேன். நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே நம்புகின்றோம். அந்நம்பிக்கை எங்கே பிழைபடுகின்றது என்பதை அறிவதற்கு, இப்பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

பழந்தமிழ் நூல்களின் நல்ல பதிப்புகளைப் பார்த்தவர்கள், நூலின் இறுதியில் சொல்லடைவு என்று ஒரு பகுதி இருப்பதை அறிவார்கள். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகின்றது என்னும் அகரவரிசை. தேடுபொறி செய்வதும் அதுவே. "ஊர்வான்" என்று சொல்லத்தக்க ஒரு நிரல் இடைவிடாமல் இணையப் பக்கங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று படித்துவருகின்றது. படித்தவற்றுக்குப் பெரியதொரு சொல்லடைவு எழுதி வைக்கப்படுகின்றது. நாம் ஒரு சொல்லை இடும்போது பொறி உலகம் முழுவதும் ஓடிப்போய்த் தேடுவதில்லை. முன்னரே எழுதி வைத்த அடைவைப் புரட்டுகின்றது. அடைவில் ஏறாத பக்கம் அதற்கு இல்லாத பக்கமே.

1990-இல் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் ஆக்கிய 'ஆர்ச்சி' என்பதையே முதல் தேடுபொறி என்பர். அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. 1995-இல் ஆல்டாவிஸ்டா வந்தது. பக்கங்களின் சொற்கள் அனைத்தையும் தேடியது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து நின்றால் எதை முதலில் வைப்பது? இங்கேதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் ஒரு நல்ல கருத்தைக் கொண்டுவந்தனர். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் பலர் மேற்கோள் காட்டினால் அது சிறந்த கட்டுரை என்று அறிஞர் கொள்வதுண்டு. அவ்வண்ணமே ஒரு பக்கத்தைச் சுட்டிப் பிற பக்கங்கள் பல இணைப்புத் தருமாயின், அதுவும் மதிப்புடைய பக்கங்கள் தருமாயின், அப்பக்கத்தை மேலே வைக்கலாம் என்றனர். 1998-இல் கூகுள் நிறுவனம் பிறந்தது. இன்று வேறு பல கணக்குகளும் அதனோடு சேர்ந்துள்ளன.

இந்த வரலாற்றில் 'உண்மை' என்னும் சொல் எங்கேனும் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வரவில்லை. நம் சொற்களுக்கு எப்பக்கம் பொருந்துகின்றது, எப்பக்கத்தைப் பலர் சுட்டுகின்றனர் என்பதையே பொறி முதன்மையாகப் பார்க்கின்றது. என்னை ஏமாற்றியவர் இதனை நன்கு அறிந்தவர். பொட்டலம் வராதவன் எந்த மூன்று சொற்களை இடுவான் என்று எண்ணி, அச்சொற்களாலேயே ஒரு பக்கம் எழுதி, அதில் தம் எண்ணை இட்டு, வலை விரித்துக் காத்திருந்தார். மேலும், பட்டியலின் தலையில் பல வேளைகளில் நிற்பவை பணம் கொடுத்து இடம் பெற்ற விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று அதன்மேல் எழுதியிருக்கும். என் போன்ற கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் காண்பதில்லை. வரைபடத்தில் ஒரு கடைக்கோ வங்கிக் கிளைக்கோ எதிரே காணும் தொலைபேசி எண்ணும் அத்தகையதே. வெளியார் எவரும் திருத்தம் முன்மொழியக்கூடிய இடம் அது.

ஆகவே, ஒரு நிறுவனத்தின் எண் வேண்டுமாயின் பொறியைக் கேளாதீர்கள். வங்கியின் எண் உங்கள் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கின்றது. எரிவாயு நிறுவனத்தின் எண் ரசீதில் இருக்கின்றது. இணையதளத்திற்கே போக வேண்டுமாயின் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அரசு அலுவலகங்களுக்குரியது 'கவ் புள்ளி இன்' என்று முடியும். தனியார் அதனைப் பெற இயலாது. வங்கிகளும் 2025 அக்டோபர் 31-ஆம் நாளுக்குள் 'பேங்க் புள்ளி இன்' என்று முடியும் முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆனால் முடிவைப் பார்க்க வேண்டும், நடுவை அன்று. மோசடிக்காரர் 'கவ் இன்' என்னும் எழுத்துகளை நடுவிலே செருகி, வேறேதோ கொண்டு முடிப்பர். முதல் சாய்கோட்டுக்கு முன் என்ன இருக்கின்றது என்பதே கணக்கு.

இழந்ததைப் பற்றி இவ்வளவு போதும். பெற்றதைப் பற்றிச் சொல்கின்றேன்.

இக்காலனியில் எனக்குத் தாயை ஒத்த ஓர் அம்மையார் வாழ்கின்றார், அகவை எண்பத்திரண்டு. அவர் கணவர் நடுவணரசில் பணியாற்றி மறைந்தவர். ஒரு நாள் அம்மையார், "தம்பி, எண்பது வயதுக்கு மேல் ஓய்வூதியம் கூடும் என்று எவரோ சொன்னார்கள், உண்மையா? வங்கியில் கேட்டால் அப்படியொன்றும் இல்லை என்கின்றார்கள்" என்றார். அவருடைய மகன் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பொறியில் இட்ட சொற்கள், 'பென்ஷன் உயர்வு' என்பன. கிடைத்தவை எல்லாம், "ஓய்வூதியருக்கு ஒரு மகிழ்ச்சிச் செய்தி" என்று தலைப்பிட்டு, கீழே ஒன்றும் சொல்லாத செய்திப் பக்கங்கள்.

நான் எண்ணிப் பார்த்தேன். இது அரசாணையில் இருக்க வேண்டிய செய்தி. அரசாணை எழுதும் அதிகாரி 'உயர்வு' என்று எழுதுவாரா? 'மகிழ்ச்சி' என்று எழுதுவாரா? முப்பத்தாறு ஆண்டு அந்த மொழியிலேயே உழன்றவன் நான். அவர் 'அடிஷனல் ஃபேமிலி பென்ஷன்' என்றே எழுதியிருப்பார். அச்சொற்களை ஆங்கிலத்தில் இட்டேன். அவற்றோடு 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும், அதை ஒட்டி முக்காற்புள்ளியையும், அதை ஒட்டி இடைவெளி விடாமல் 'கவ் புள்ளி இன்' என்பதையும் சேர்த்தேன். அரசுத் தளங்களில் மட்டும் தேடு என்பது அதன் பொருள். மேலும் 'ஃபைல்டைப்' என்னும் சொல், முக்காற்புள்ளி, 'பி.டி.எஃப்.' என்று சேர்த்தேன். அச்சு வடிவக் கோப்புகளை மட்டும் கொடு என்பது இதன் பொருள். ஐந்து நிமிடத்தில் 2008 செப்டம்பரில் வெளிவந்த ஆணை கண்முன் நின்றது. எண்பது அகவை நிரம்பினால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு நிரம்பினால் முழுவதுமாக இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியருக்கும் இது பொருந்தும் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

பின் ஏன் அம்மையாருக்குக் கிடைக்கவில்லை? கணவரின் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தில் மனைவியின் பிறந்த நாள் குறிக்கப்படாமல் இருந்தது. அந்நாளில் யார் மனைவியின் பிறந்த நாளைக் கேட்டார்கள்? பிறந்த நாள் தெரியாமல் எண்பது நிரம்பியதை வங்கி எவ்வாறு அறியும்? ஆணையின் படியையும், அகவைச் சான்றையும் எடுத்துக்கொண்டு மகன் சென்றார். நான்கு முறை நடந்தார். ஐந்தாம் முறை, இரண்டாண்டு நிலுவையுடன் பணம் வந்தது. அம்மையார் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். பெயர் சொல்ல வேண்டா என்று கட்டளை.

இந்த நிகழ்ச்சியில்தான் தேடும் கலையின் உயிர்நிலை இருப்பதாக நான் கருதுகின்றேன். நாம் நம் சொற்களால் கேட்கின்றோம். விடையோ அதை எழுதியவருடைய சொற்களில் இருக்கின்றது. இரண்டும் சந்திக்கவில்லையானால் பொறி என்ன செய்யும்? ஆகவே ஒன்றைத் தேடுமுன், இதை யார் எழுதியிருப்பார், எந்தச் சொற்களால் எழுதியிருப்பார் என்று ஒரு நிமிடம் எண்ணுவது நலம்.

இது புதிய கலையும் அன்று. 1880-ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் ஐயருக்குச் சீவக சிந்தாமணியை அறிமுகம் செய்தார். ஐயர் எத்தனையோ நூல்களைப் பாடம் கேட்டவர். ஆயினும் அந்நூலில் வரும் சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. தமக்குத் தெரிந்த புலவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தால் அவர் விடை பெற்றிருப்பாரா? அதே கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்வதையும், அவர்கள் அந்நூலைச் சமய நூலாகப் பாராட்டிப் படித்து வருவதையும் அறிந்து, அவர்கள் இல்லம் தேடிச் சென்று கேட்டார். தமக்குப் புதிய சொற்களின் பொருளை, அச்சொற்களைத் தம் வாழ்வில் வழங்கியவர்களிடமிருந்தே அறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய அப்பெரியவரைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகின்றோம். அவர் எங்கே கேட்க வேண்டும் என்பதை அறிந்து கேட்டார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இனி, கருவிகள் சிலவற்றைச் சொல்கின்றேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

சொற்றொடரை இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்டால், அச்சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்களை மட்டும் பொறி தரும். பாதி நினைவிலிருக்கும் பாடல் அடியைக் கண்டுபிடிக்க இதனினும் சிறந்த வழி இல்லை. ஆனால் நினைவில் ஐயமற்ற மூன்று நான்கு சொற்களை மட்டும் இடுங்கள். ஒரு சொல் பிழையானாலும் ஒன்றும் வாராது.

வேண்டாததைக் கழிக்கக் கழித்தற்குறி உதவும். 'சேரன்' என்று இட்டுப் பாருங்கள். செங்குட்டுவன் வருவதற்கு முன் திரைப்பட இயக்குநர் ஒருவர் வருவார். கோவை செல்லும் இரயில் வண்டியும் வரும். சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தற்குறி இட்டு, அதனோடு ஒட்டியே 'திரைப்படம்' என்று எழுதினால் இயக்குநர் விலகுவார். இரயிலையும் அவ்வண்ணமே விலக்கலாம். 'வைகை'யும் 'பல்லவனும்' இந்தப் பாடுதான். நம் இரயில்வேக்கு இலக்கியப் பற்று மிகுதி.

குறிப்பிட்ட காலத்திற்கு உட்பட்டவை வேண்டுமாயின் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்னும் சொற்களை முக்காற்புள்ளியுடனும் ஆண்டுடனும் சேர்த்து எழுதலாம். வெள்ளம், கலவரம் என்று வாட்சாப்பில் படம் வருகின்றதே, அப்படத்தையே பொறியிடம் கொடுத்து முன்னர் எங்கே வந்தது என்று கேட்கலாம். பல படங்கள் வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்தவை என்று தெரியவரும். நம் காலனிக் குழுவில் படம் அனுப்பும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

தமிழில் தேடுவோர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடுகள் சில உண்டு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தன் உருவில் நிற்கும். நம் சொல்லோ வேற்றுமை ஏற்று உருமாறும். 'கும்பகோணம்' வேறு, 'கும்பகோணத்தில்' வேறு, 'கும்பகோணத்திலிருந்து' வேறு. பொறி இவற்றை ஓரளவு இனம் காண்கின்றது, எப்போதும் அன்று. 'கோயில்' என்று தேடியவர் 'கோவில்' என்றும் தேட வேண்டும். 'தமிழ்ச்சங்கம்' என்பதைச் சிலர் சேர்த்து எழுதுகின்றனர். சிலர் பிரித்து எழுதுகின்றனர். சிலர் ஒற்றையே விட்டுவிடுகின்றனர். புணர்ச்சி இலக்கணம் அறிந்தவர் எழுதிய பக்கமும் அறியாதவர் எழுதிய பக்கமும் இரண்டும் நமக்கு வேண்டுமே! ஆகையால் தேடும்போது மட்டும் இலக்கணப் பிழையும் செய்து பார்க்கலாம், புலவர்கள் பொறுத்தருள்க.

ஊர்ப் பெயர்கள் இன்னும் பெரிய சிக்கல். தம் பாட்டனார் வாழ்ந்த ஊரைப் பற்றி அறிய விரும்பிய நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் 'தஞ்சாவூர்', 'திருநெல்வேலி' என்று இற்றை எழுத்துக்கூட்டலில் இட்டு, பழைய ஆவணம் ஒன்றும் இல்லை என்று சலித்தார். ஆங்கிலேயர் காலத்தில் அது 'டான்ஜோர்', இது 'டின்னவெல்லி'. 1906-இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சை மாவட்டக் கெசட்டியரும், 1917-இல் பேட் எழுதிய திருநெல்வேலிக் கெசட்டியரும் அப்பெயர்களிலேயே இருக்கின்றன. திருச்சியை 'டிரிச்சினாப்பொலி' என்றும், காஞ்சியைக் 'கான்ஜீவரம்' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் இட்டால்தான் கதவு திறக்கும். நண்பர் அவ்வாறு தேடி, தம் ஊர் வாய்க்காலைப் பற்றி ஒரு பத்தி கண்டார். அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றார்.

இன்னும் ஒன்று. பொறி நாம் கேட்ட கேள்வியின் சாயலிலேயே விடை தரும். 'காப்பி குடிப்பதன் நன்மைகள்' என்று தேடினேன். காப்பி அமுதம் என்றது. 'காப்பி குடிப்பதன் தீமைகள்' என்று தேடினேன், நஞ்சு என்றது. என் துணைவியார் இரண்டாவதை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டார். இது நகைப்புக்குரியது. ஆனால் 'இன்ன வேர் நீரிழிவைக் குணப்படுத்தும்' என்று இடுபவர்க்கு, ஆம் என்று சொல்லும் பக்கங்களே முன் வந்து நிற்பதும், அவர் மருந்தை நிறுத்திவிடுவதும் நகைப்புக்குரியன அல்ல. நாம் விரும்பும் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கலாகாது. எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை கேட்க வேண்டும்; பிறகு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்போது தேடுபொறியே விடையைத் தொகுத்து எழுதியும் தருகின்றது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் கூகுள் இதனைத் தொடங்கியபோது, பீட்சாவின்மேல் பாலாடைக்கட்டி ஒட்டி நிற்கச் சிறிது பசை சேர்க்கலாம் என்று அது ஒருவருக்கு விடை எழுதியது. ஏதோ ஓர் உரையாடலில் எவரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாகச் சொன்னதை அது மெய்யென்று எடுத்துக்கொண்டது. இன்று அது எவ்வளவோ திருந்தியிருக்கின்றது. எனினும் தணிக்கையாளன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: விடையின் அருகே அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து, அச்செய்தி அங்கே உள்ளதா என்று பாருங்கள். வவுச்சர் இல்லாத செலவை நான் என்றும் ஏற்றதில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

தமிழ் நூல் வேண்டுவோர் பொதுத் தேடுபொறியை விட்டு நேரே நூலகங்களுக்குச் செல்வதே நன்று. 1998 பொங்கல் நன்னாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தன்னார்வலர் கைகளால் தட்டெழுதி வைத்திருக்கின்றது. ஆகவே உள்ளே ஒரு சொல்லையும் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படமெடுத்த நூல்களும் இதழ்களும் மிகப் பல. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்றே ஒரு தளம் இருக்கின்றது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும் இன்று வீட்டிலிருந்தே புரட்டலாம். ஆனால் படமெடுத்த நூலுக்குள் பொறி எளிதில் நுழைவதில்லை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், கொம்பு வளைந்த பழைய 'லை'யும் 'ணை'யும் வரும்போது பொறி தடுமாறுகின்றது. அத்தகைய நூலை அதன் பெயராலும் ஆசிரியர் பெயராலுமே தேட வேண்டும்; உள்ளடக்கத்தால் தேடினால் கிடைப்பது அரிது.

இறுதியாக, நான் தேடிக் கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்கின்றேன். சென்ற ஆண்டு, நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைத் தேடினேன். மேலே சொன்ன கருவிகள் அனைத்தையும் பயன்படுத்தினேன். சங்கத்தின் பெயரை எட்டு விதமாக எழுதினேன். ஒரு மலர்கூட இல்லை. பொறியின் குற்றம் அன்று. அடைவில் ஏற்றுவதற்கு நாம் ஒன்றையும் வைக்கவில்லை. முதல் தலைமுறையினர் இந்நகரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்த கதையை, இட்லி அரிசிக்காக நகரின் மறுகோடிக்குச் சென்ற கதையை, குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்கிய கதையை அம்மலர்களில் எழுதி வைத்தனர். அவை இன்று நம் பரண்களில், இரும்புப் பெட்டிகளில், பூச்சிகளுக்கு உணவாகிக்கொண்டிருக்கின்றன. என் வீட்டில் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்கு அட்டை இல்லை.

செயலாளரிடம் கேட்டு இசைவு பெற்றுவிட்டேன். அடுத்த ஞாயிறு முதல், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, சங்க நூலக அறையில் நானும் என் பெயர்த்தியும் இருப்போம். அவள் படமெடுப்பாள்; நான் ஒவ்வொரு மலருக்கும் பொருளடக்கத்தைக் கையால் தட்டெழுதுவேன்; அப்போதுதான் அது தேடுவார் கண்ணில் படும். மலரைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், ரசீதும் தருவோம். ஓய்வூதியம், பழைய ஆவணம் என்று எதையேனும் தேட விரும்புவோரும் அவ்வேளையில் வரலாம். பரணில் ஏற முடியாத மூத்தோர் தகவல் அனுப்பினால், கடைசி வரிசையில் இருக்கும் இளைஞர்களில் இருவர் ஏணியுடன் வருவார்கள். அவர்களிடம் இன்னும் நான் கேட்கவில்லை, இப்போது கேட்கின்றேன்.